ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்: வாட்டைக் கடைசியில் பாருங்கள்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, அதற்கு ஆம்ப்ளிஃபயர் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்பீக்கர் 100 வாட், அப்படியென்றால் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்தானே வாங்க வேண்டும்?” என்பது. அந்தக் கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறதே ஒழிய, அதற்கு எவ்வளவு ஊட்ட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. பாலத்தின் முகப்பில் ‘10 டன்’ என்று எழுதியிருந்தால் அதில் சைக்கிள் போகக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

ஆகவே கடைக்குப் புறப்படும் முன் ஸ்பீக்கரைத் திருப்பிவைத்து, பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளையும் பெட்டியோடு வந்த சிறு கையேட்டையும் படித்து, இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று டெசிபலில் இருக்கும், அது சென்சிட்டிவிட்டி. மற்றொன்று ஓமில் இருக்கும், அது இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. மூன்றாவதாக, ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்துக்கும் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் எத்தனை வாட் என்ற கேள்விக்குத் தாளும் பென்சிலுமாக ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். இவை தெரியாமல் வாட்டை மட்டும் பேசுவது, காலளவு தெரியாமல் செருப்பு வாங்குவதற்குச் சமம்.

டெசிபல் எண்ணைப் படிப்பது

சென்சிட்டிவிட்டி என்பது, ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அதற்கு 1 மீட்டர் முன்னால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதன் அளவு. 2.83 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்றால், 8 ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்டேஜ் சரியாக 1 வாட் ஆகிறது. இங்கே ஒரு சிறு பொறி உண்டு. அதே 2.83 வோல்ட் 4 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட் ஆகிவிடும். ஆகையால் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ‘2.83 வோல்ட்டில் 88 டெசிபல்’ என்று போட்டிருந்தால், 1 வாட் கணக்கில் அது 85 டெசிபல்தான். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இந்த 3 டெசிபலைக் கழித்துப் பார்க்கத் தவறினால், ஆம்ப்ளிஃபயரிடம் இரட்டிப்பு வேலை வாங்கும் ஸ்பீக்கரை ‘சத்தமான ஸ்பீக்கர்’ என்று நம்பி வாங்க நேரும்.

வீட்டுக்கான பெட்டி ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 84 முதல் 90 டெசிபலுக்குள் அடங்கும். இந்த எல்லைக்கு இரு பக்கமும் உள்ளவற்றைப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். 1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி சுமார் 82.5 டெசிபல். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940-களில் உருவாக்கிய, அறையின் மூலையில் பீரோவைப் போல உட்காரும் கிளிப்ஷார்ன் ஸ்பீக்கருக்கு அதை உருவாக்கிய நிறுவனம் கொடுக்கும் எண் 105 டெசிபல். ஒரே ஆம்ப்ளிஃபயரை, வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்தினால், முதலில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத பாட்டு, இரண்டாவதில் தெருவுக்கே கேட்கும். 8 வாட் மட்டுமே தரும் 300பி வால்வு (கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு கிளிப்ஷார்னில் ஒருவர் கூடத்தை நிரப்புவதும், அதே ஆம்ப்ளிஃபயர் எல்.எஸ்.3/5ஏ-வில் திணறுவதும் இதனால்தான்.

இரண்டு விதிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல் கூடும். வாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். நம் காதுக்கு அந்த 10 டெசிபல்தான் ஏறத்தாழ ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று படுகிறது. ஆக, 50 வாட் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு 60 வாட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் வாங்கும் வித்தியாசம் 1 டெசிபலுக்கும் குறைவு. அந்தப் பணத்தில் ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கினால் காதுக்கு உடனே தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கெஃப் நிறுவனத்தின் எல்.எஸ்.50 பலரும் அறிந்த ஸ்பீக்கர் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கொடுக்கப்பட்டுள்ள எண்கள்: சென்சிட்டிவிட்டி 85 டெசிபல், இம்பீடன்ஸ் 8 ஓம், குறைந்தபட்சம் 3.2 ஓம். கேட்பவர் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். இரண்டரை மீட்டருக்கு அது சுமார் 8 டெசிபல். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும். நம் வீடுகளில் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் சத்தத்தை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால் இன்னொரு 3 டெசிபலைத் தாராளமாகச் சேர்க்கலாம். 85-இல் 8 போக 77, அதோடு 6 சேர்த்தால் 83. அதாவது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வெறும் 1 வாட் கொடுத்தால் நாற்காலியில் 83 டெசிபல் கேட்கும். அறைக்குள் எதிரெதிரே இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேசிக்கொள்ள வேண்டிய அளவு சத்தம் அது. நாம் வழக்கமாகப் பாட்டுக் கேட்பது இதற்கும் கீழேதான்.

அப்படியானால் 1 வாட் போதாதா என்று கேட்டால், சராசரிக்குப் போதும், எழுச்சிக்குப் போதாது. ஒரு கச்சேரிப் பதிவைக் கவனியுங்கள். தம்புராவும் குரலும் வயலினும் ஒரு மட்டத்தில் போய்க்கொண்டிருக்கையில், மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஒரு தீர்க்கமான அடி, சராசரியைவிட 15 டெசிபலுக்கும் மேலே ஒரு கணம் எழும்பி இறங்கும். சராசரி 80 டெசிபலில் கேட்பவருக்கு அந்த அடி 95 டெசிபலில் வந்து சேர வேண்டும். 83-இலிருந்து 95-க்கு 12 டெசிபல். அது நான்கு முறை இரட்டிப்பு. ஆகவே 16 வாட். இன்னும் சற்று உரக்க, 100 டெசிபல் எழுச்சி வரை கேட்க விரும்பினால் 50 வாட். இந்த ஸ்பீக்கருக்கு 25 முதல் 100 வாட் வரையிலான ஆம்ப்ளிஃபயரை அதன் நிறுவனமே பரிந்துரைப்பதற்கும் நம் கணக்குக்கும் பெரிய இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஸ்பீக்கர் 91 டெசிபல் என்றால் மேலே வந்த 16 வாட் 4 வாட்டாகச் சுருங்கிவிடும். 82 டெசிபல் என்றால் 32 வாட்டாக விரியும். நாற்காலி இரண்டரை மீட்டருக்குப் பதில் ஐந்து மீட்டர் தள்ளி, சாப்பாட்டு மேசையையும் தாண்டி இருந்தால், கணக்கில் 6 டெசிபலைக் கூட்டி, வாட்டை நான்கு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். சாய்வு நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் இழுத்துப் போடுவது எவ்வளவு மலிவான ஆம்ப்ளிஃபயர் மேம்பாடு என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஓம் என்னும் பாரம்

வாட் கணக்கு சரியாக வந்தாலும், ஓம் ஒத்துப்போகாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் சூடாகி அணைந்துபோகும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர்களைப் பறிகொடுக்கும். டெசிபலில் தவறினால் சத்தம் குறையும், அவ்வளவுதான். ஓமில் தவறினால் பழுது பார்க்கும் கடைக்குப் போக வேண்டியிருக்கும். எனவே இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கரின் மேல் ‘8 ஓம்’ என்று எழுதியிருப்பது ஒரு பெயரளவு எண். மல்டிமீட்டரை வைத்து அளந்தால் 6 அல்லது 7 ஓம்தான் காட்டும். அது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின் (காயிலின்) வெறும் மின்தடை என்பதால் அதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இசை ஓடும்போது ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு சுரத்துக்குச் சுரம் மாறிக்கொண்டே இருக்கும்: ஓரிடத்தில் 30 ஓம் வரை ஏறும், வேறோர் இடத்தில் மடிந்து இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தர நிர்ணயப்படி அந்தப் பள்ளம் பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 8 ஓம் என்று சொல்லிக்கொள்ளும் ஸ்பீக்கர் 6.4 ஓமுக்கு மேலேயே நிற்க வேண்டும். நடைமுறையில் இதை எல்லோரும் பின்பற்றுவதில்லை. மேலே சொன்ன எல்.எஸ்.50-இன் 3.2 ஓம் அதற்கு நேரடியான சான்று. பள்ளத்தின் ஆழத்தை மறைக்காமல் அச்சிட்டதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பள்ளம் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன செய்கிறது? 8 ஓமில் 50 வாட் என்றால் வோல்டேஜ் 20. அதன் உச்சம் 28 வோல்ட். 8 ஓம் பாரத்தில் அந்த உச்சத்தில் ஓடும் மின்னோட்டம் மூன்றரை ஆம்பியர். அதே உச்சம் 3.2 ஓம் பள்ளத்தில் வந்து விழுந்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரும் கப்பாசிட்டர்களும் அதைக் கொடுக்கத் தெம்புள்ளவையாக இருந்தால் மிருதங்க அடி அடியாகவே விழும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் பாட்டு சட்டென்று மெலியும். 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிஃபயரின் மேல் வெறும் 20 வாட் என்றுதான் எழுதியிருந்தது. ஆயினும் முரட்டு ஸ்பீக்கர்களுக்கும் மின்னோட்டத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்ததால், காகிதத்தில் அதைவிடப் பெரிய வாட் காட்டிய பலவற்றைக் காட்டிலும் அது பேர் வாங்கியது.

இதைக் கடையில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்ளிஃபயரின் விவரத்தாளில் 8 ஓமுக்கு ஒரு வாட்டும் 4 ஓமுக்கு ஒரு வாட்டும் தனித்தனியே கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 8 ஓமில் 50, 4 ஓமில் 80 அல்லது 90 என்றிருந்தால் பவர் சப்ளை திடமானது என்று பொருள். 8 ஓமில் 50, 4 ஓமில் 55 என்றிருந்தால் அது மூச்சுத் திணறும் ரகம். 8 ஓம் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 4 ஓம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாவிட்டால், 4 ஓம் ஸ்பீக்கரை அதோடு சேர்க்காமல் இருப்பதே நல்லது. பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் ‘4–16 ஓம்’ என்றோ ‘6–16 ஓம்’ என்றோ அச்சிட்டிருப்பார்கள். உங்கள் ஸ்பீக்கரின் ஓம் அந்த முதல் எண்ணுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மேலே இருப்பதால் ஆபத்தில்லை. 8 ஓம் கணக்கில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் 16 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 25 வாட் தரும், அவ்வளவே.

ஏ, பி என்று இரண்டு ஜோடி முனைகள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் கூடத்துக்கு ஒரு ஜோடி, படுக்கையறைக்கு ஒரு ஜோடி என்று மாட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் அவை இணையாகச் சேர்வதால் இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும், இரண்டு 6 ஓம் சேர்ந்து 3 ஓம் ஆகிவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் 4, 8 என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் ஓமுக்கு உரிய முனையிலேயே மாட்ட வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும்.

வாட் என்ற பெயரில் விற்கப்படுபவை

இப்போது நம் கையில் ஒரு வாட் எண் இருக்கிறது. கடையில் காட்டப்படும் வாட்டும் அதே வாட்தானா என்பதுதான் அடுத்த சிக்கல்.

அமெரிக்காவில் விளம்பர வாட் கட்டுக்கடங்காமல் போனதால், 1974-இல் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து தரக்கூடிய வாட்டை, எத்தனை ஓமில், எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு டிஸ்டார்ஷனோடு (ஒலிச்சிதைவோடு) என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் நேர்மையான விவரத்தாளை அடையாளம் காட்டுவது அந்த நான்கு எண்களே: ‘ஒரு சேனலுக்கு 60 வாட், 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 0.02 சதவீத டிஸ்டார்ஷன்’ என்பது முழு வாக்கியம். வெறும் ‘60 வாட்’ என்பது பாதி வாக்கியம். ‘130 வாட், 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்’ என்று ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் பெட்டியில் சின்ன எழுத்தில் வருவதும் முழு வாக்கியம்தான். ஆனால் அதில் வரும் 130 வாட்டை, இரண்டு சேனலும் சுத்தமாகப் பாடும்போது 70 அல்லது 80 என்று எடுத்துக்கொள்வதே உசிதம்.

நம் ஊர்களில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பி.எம்.பி.ஓ. (‘உச்ச இசை சக்தி’) வாட்டுக்கு எந்தத் தர நிர்ணயமும் இல்லை. கையடக்க டேப் ரெக்கார்டரின் மேல்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைக்கும் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்; அவற்றை நான் இகழ்பவன் அல்லன், என் முதல் ஆம்ப்ளிஃபயரே அப்படி ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் ஐ.சி. (சிப்) எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘4440 போர்டு’ என்று சொன்னால் அது சான்யோவின் எல்.ஏ.4440, ஸ்டீரியோவாக ஒரு பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒன்றாக்கினால், 19 வாட் என்பதுதான் அதன் விவரத்தாள் சொல்வது. அதன் பெட்டியில் ‘200 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் ஐ.சி.க்குப் படிக்கத் தெரியாது. இப்போது அதன் இடத்தைப் பிடித்திருக்கும் சின்ன கிளாஸ்-டி (அதிவேக ஸ்விட்ச்போல் வேலை செய்யும் வகை) போர்டுகளிலும் இதே கதைதான். டி.பி.ஏ.3116 என்ற சிப் உள்ள போர்டை ‘50+50 வாட்’ என்று விற்பார்கள். சிப் அதைச் செய்யும். ஆனால் 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில்தான் செய்யும். வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: இந்த வகைப் போர்டுகளில் சப்ளை வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் உச்சபட்ச வாட் வரும். 12-ஐ 12-ஆல் பெருக்க 144. அதை 16-ஆல் வகுக்க 9. ஆக, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட். அடாப்டரின் மேல் ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று இருந்தால் அதிலிருந்து மொத்தமே 24 வாட்தான் வெளிவரும். உள்ளே 24 வாட் போனால் வெளியே 100 வாட் வராது.

கல்யாண மண்டபங்களிலும் கோயில்களிலும் இருக்கும் பொது அறிவிப்பு ஆம்ப்ளிஃபயர்களை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரே வரி: அவற்றில் 70 வோல்ட், 100 வோல்ட் என்று குறித்த முனைகள், டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய ஹாரன்களுக்கும் தூண் வடிவ ‘காலம்’ ஸ்பீக்கர்களுக்கும் உரியவை, அவற்றில் வீட்டு ஸ்பீக்கரை நேரடியாக மாட்டாதீர்கள்.

சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை எரிப்பது

என் அத்தை மகன் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, மொட்டை மாடிப் பந்தலில் என் புத்தக அலமாரி ஸ்பீக்கர்களைக் கொண்டுபோய் வைத்து, அவனிடம் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டினோம். ஸ்பீக்கர் 100 வாட், ஆம்ப்ளிஃபயர் 20 வாட் என்பதால் பயமில்லை என்று இருவருமே நினைத்தோம். கூட்டம் சேரச் சேர யாராரோ வந்து குமிழைத் திருகிவிட்டுப் போனார்கள். எட்டரை மணிக்குள் இரண்டு ட்வீட்டரும், அதாவது மேல்சுரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கர்களும், ஊமையாகிவிட்டன. “20 வாட் எப்படி 100 வாட்டை எரிக்கும்?” என்று அவன் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் இதுதான். ஆம்ப்ளிஃபயரால் தன் சப்ளை வோல்டேஜுக்கு மேல் ஏற முடியாது. அதற்கு மேல் ஏறச் சொன்னால், அலையின் உச்சியைக் கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாக்கிவிடும். இதைக் கிளிப்பிங் என்கிறார்கள். முழுக்கத் தட்டையான அலையில் இருக்கும் சக்தி, அதே உயரமுள்ள சுத்தமான அலையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே அந்த 20 வாட் ஆம்ப்ளிஃபயர் 40 வாட் வரை துப்பக்கூடும். அதைவிட முக்கியமானது, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிதாகப் பிறக்கும் உயர் அதிர்வுகள், கீழ்ச்சுரங்களைப் பாடும் வூஃபருக்குப் போகாமல் நேரே ட்வீட்டருக்குப் போகின்றன. அதோடு, பேஸ் தட்டையாகி நின்றுவிட்ட பிறகும் குமிழைத் திருகும்போது டிரெபிள் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஸ்பீக்கரின் 100 வாட் என்பது இசையில் இயல்பாக உள்ள பங்கீட்டை நம்பிச் சொன்ன எண். அந்தப் பங்கீட்டில் ட்வீட்டருக்கு வருவது சில வாட் மட்டுமே. தலைமுடியைப் போன்ற கம்பியால் சுற்றிய அதன் காயில் அதற்கு மேல் நெடுநேரம் தாங்காது.

இதனால் ஸ்பீக்கரின் வாட்டைவிடச் சற்றுப் பெரிய ஆம்ப்ளிஃபயர்கூட, அளவறிந்து திருகுபவர் கையில் பாதுகாப்பானது. சிறிய ஆம்ப்ளிஃபயர் அளவில்லாமல் திருகுபவர் கையில் ஆபத்தானது. குரலில் கரகரப்பும் மணலை அரைப்பதுபோன்ற ஓசையும் கேட்ட அந்தக் கணமே குமிழைக் குறைத்தால் ட்வீட்டர் பிழைத்துக்கொள்ளும்.

குமிழை நம்பாதீர்கள்

“குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை, அதற்குள்ளேயே இவ்வளவு சத்தம், அப்படியென்றால் இன்னும் பாதி சக்தி மிச்சம்” என்று பலர் நினைக்கிறார்கள். குமிழ் ஆம்ப்ளிஃபயரின் சக்தியைக் காட்டும் மீட்டர் அன்று. உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் குழாய்த் திருகு மட்டுமே. பல ஆம்ப்ளிஃபயர்கள் அரை வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலுக்கே முழு வாட்டைக் கொடுத்துவிடும்படி அமைக்கப்பட்டவை. சி.டி. பிளேயரோ, டிஜிட்டல் பாட்டை மின்சிக்னலாக மாற்றும் டி.ஏ.சி.யோ அனுப்புவது 2 வோல்ட். எனவே குமிழ் கடிகாரத்தில் 11 மணி காட்டும் இடத்திலேயே ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டிருக்கக்கூடும்.

உண்மையில் எவ்வளவு வாட் பயன்படுத்துகிறீர்கள் என்பதை 300 ரூபாய் மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். நீங்கள் எப்போதாவது கேட்கக்கூடிய மிக உரத்த அளவுக்குக் குமிழை வைத்து, அதற்கு மேல் அதைத் தொடாமல், பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரானால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரை மறுபடி போட்டு, மைனஸ் 12 டெசிபல் மட்டத்தில், அதாவது உச்ச அளவின் கால் பங்கில், பதிவான 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே சீரான ஓசை) ஒன்றை அதே பிளேயரில் ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு பக்கத்தின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே அளந்துபாருங்கள். வரும் எண்ணை 4-ஆல் பெருக்குங்கள். விடையை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்துவிடுங்கள். என் வீட்டில் மீட்டர் காட்டியது 2.1 வோல்ட். நான்கு மடங்கு 8.4, அதை அதனாலேயே பெருக்க 70.6, 8-ஆல் வகுக்க, 9 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. பண்டிகை நாளில் அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கும் அளவுக்குக் கேட்பதற்கு எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அன்றோடு 150 வாட் ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்த ஆசை தணிந்தது.

கம்பியும் காற்றும்

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் முடிவான பிறகு, இடையில் போகும் கம்பிக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் மெல்லிய கம்பியும் கூடாது. கம்பியின் மொத்த மின்தடை, போகவும் வரவும் சேர்த்து, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அது சுமார் 0.13 ஓம், 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தாராளமாகப் போதும். 10 மீட்டர் தூரத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குப் போங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் பல இழைச் செம்புக் கம்பியே இதற்குப் போதுமானது என்பது என் அனுபவம்.

இணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும். முனையில் ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்து முனையைத் தொடாதபடி முறுக்கிச் செருகுங்கள். பனானா பிளக் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை. கிளாஸ்-டி போர்டுகளில் பலவற்றில் இரண்டு பக்கத்துக் கறுப்பு முனைகளும் உள்ளே இணைந்தவை அல்ல. பழைய பழக்கத்தில் ஒரே கறுப்புக் கம்பியை இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாகப் போட்டால் சிப் கருகிவிடக்கூடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்பதில் ஒரு பக்கம் மட்டும் தலைகீழானால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ் காணாமல் போய், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் கலைந்து கேட்கும். கம்பியில் அடையாளம் அழிந்திருந்தால், கழற்றிய ஸ்பீக்கரின் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: வூஃபர் முன்னால் தள்ளினால் பேட்டரியின் நேர்முனை தொட்ட பக்கம்தான் சிவப்பு.

ஆம்ப்ளிஃபயரை டி.வி. அலமாரியின் அடைத்த தட்டுக்குள் செருகி வைக்காதீர்கள். மேலே குறைந்தது நான்கு விரற்கடையாவது இடைவெளி விட்டு, அதன் தலையில் செட்டாப் பாக்ஸையும் பூச்சாடியையும் ஏற்றாமல், முதல் நாள் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு மேல்மூடியில் உள்ளங்கையை வையுங்கள். பத்து விநாடி கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் பொருத்தம் சரியாக இருக்கிறது. வைக்க முடியாமல் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால், அது இயல்பாகவே சூடாக ஓடும் கிளாஸ்-ஏ அல்லது வால்வு ஆம்ப்ளிஃபயராக இல்லாதவரை, ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் ஓமை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.